பேக்-12-ஐ விட்டுச் சென்ற பத்துப் பல்கலைக்கழகங்களின் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர்களுக்கு,

வணக்கம். பந்தைக் கையில் ஏந்தி ஆடும் அமெரிக்க வகைக் கல்லூரிக் கால்பந்தின் 2023ஆம் ஆண்டுப் பருவத்தை முதல் வாரம் தொட்டு இறுதிவரை பார்த்தவன் என்ற ஒரே உரிமையில் இம்மடலை எழுதுகிறேன். 1915 டிசம்பரில் போர்ட்லாந்தில் நான்கு கல்லூரிகள் கூடித் தொடங்கிய பசிபிக் கரைக் கூட்டமைப்பின் வழிவந்ததும், மேற்கு அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தமக்குள் விளையாடும் அமைப்புமான பேக்-12, உங்கள் பத்து நிறுவனங்களும் உடனிருக்க ஆடிய கடைசிப் பருவம் அது.

ஆட்டம் சலித்துப்போய்க் கலைந்த கூட்டமைப்பு அன்று இது. அந்தச் செப்டம்பரில் நாட்டின் முதல் 25 அணிகளின் பட்டியலில் எட்டு அணிகள் உங்களுடையவை. அக்டோபரில் சியாட்டிலில் 36-33, டிசம்பர் முதல் நாள் லாஸ் வேகஸில் 34-31 என்று ஒரேகானை இருமுறையும் மூன்றே புள்ளிகளில் வென்ற வாஷிங்டன், டெக்சாஸையும் வீழ்த்தித் தேசிய இறுதிப் போட்டியில் மிச்சிகனிடம் தோற்கும் வரை ஓர் ஆட்டத்தையும் இழக்கவில்லை. ஆண்டின் சிறந்த கல்லூரிக் கால்பந்து வீரருக்கான ஹைஸ்மன் விருதின் வாக்கெடுப்பில் இரண்டாம், மூன்றாம் இடங்களைப் பெற்ற மைக்கேல் பெனிக்ஸும் போ நிக்ஸும் முறையே வாஷிங்டன், ஒரேகான் அணிகளின் குவார்ட்டர்பேக்குகள், அதாவது பந்தை வீசித் தாக்குதலை வழிநடத்துபவர்கள்தாம்.

ஆயினும் என் நினைவில் நிற்பது செப்டம்பர் 23 அன்று புல்மனில் நடந்த ஆட்டம். வாஷிங்டன் ஸ்டேட் 38, ஒரேகான் ஸ்டேட் 35. தரவரிசையில் இடம்பெற்றிருந்த அவ்விரு அணிகள்தாம், நீங்கள் ஒவ்வொருவராக வெளியேறிய பின் யாரும் அழைக்காமல் கூட்டமைப்பில் எஞ்சியவை.

வெளியேறியதற்கான காரணத்தை நான் அறியாதவன் அல்லன். 2022 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸின் இரு பல்கலைக்கழகங்களும் பிக் டென் என்ற வேறொரு கூட்டமைப்புக்குப் போவதாக அறிவித்ததும் ஒளிபரப்புச் சந்தையில் கூட்டமைப்பின் மதிப்புச் சரிந்தது. மறு ஆண்டு ஆகஸ்டில் கைக்கு வந்ததோ, சந்தாதாரர் எண்ணிக்கையை நம்பி வருவாய் ஈட்ட வேண்டிய ஆப்பிள் நிறுவனத்தின் ஒளிபரப்புத் திட்டம். கால்பந்து ஈட்டும் பணத்தில்தான் மற்ற விளையாட்டுகளும் நடக்கின்றன என்கிற நிலையில், உங்களை வெறும் பேராசைக்காரர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. (ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அட்லாண்டிக் கரைக் கூட்டமைப்பில் சேர்ந்ததை மட்டும் எந்த நிலப்படத்தைக் கொண்டும் நியாயப்படுத்த இயலாது.)

என் வேண்டுகோள், அந்தப் பணத்துக்காகச் செய்த ஏற்பாட்டைப் பணம் ஈட்டாத விளையாட்டுகளின் மேலும் சுமத்தியதைப் பற்றியது. கால்பந்து அணி வழக்கமான பருவத்தில் 12 ஆட்டங்களே ஆடுகிறது. பெரும்பாலும் வாரத்துக்கு ஒன்று, அதுவும் சனிக்கிழமையில். சாஃப்ட்பால் அணியோ ஐம்பதை ஒட்டிய ஆட்டங்கள் ஆடுகிறது. வாஷிங்டன் அணியின் சியாட்டிலிலிருந்து, அதே பிக் டென்னில் ஆடும் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர், மூன்று மணி நேர வேறுபாடு. வாலிபால் ஆடும் மாணவி அந்தப் பயணத்தை முடித்துத் திங்கட்கிழமை காலை வகுப்பில் அமர வேண்டும். கால்பந்தைப் பிரித்து வைப்பது முடியாத காரியமும் அன்று: நாட்டர் டேம் பல்கலைக்கழகம் கால்பந்தில் தனித்து நின்றுகொண்டே மற்றப் பெரும்பாலான விளையாட்டுகளை அட்லாண்டிக் கரைக் கூட்டமைப்பில் ஆடி வருகிறது. அதே வழியில், கால்பந்து எங்கிருந்தாலும் இருக்கட்டும் என்று விட்டு, ஏனைய அணிகளை மேற்குக் கரையிலேயே ஒருவரோடு ஒருவர் ஆடவைக்க உங்கள் புதிய கூட்டமைப்புகளிடம் அனுமதி கேளுங்கள்.

ஒரேகான், வாஷிங்டன் பல்கலைக்கழகத் தலைவர்களுக்கு மேலும் ஒரு வார்த்தை. 1894இல் தொடங்கிய ஒரேகான் – ஒரேகான் ஸ்டேட் ஆட்டமும், வாஷிங்டனும் வாஷிங்டன் ஸ்டேட்டும் மோதும் ஆப்பிள் கோப்பை ஆட்டமும் நவம்பர் இறுதியில், பருவத்தின் முடிவில் நடப்பதே வழக்கம். 2024, 2025 ஆகிய இரு ஆண்டுகளிலும் அவை செப்டம்பருக்குத் தள்ளப்பட்டன. ஒரேகானின் ஊரான யூஜீனுக்கும் ஒரேகான் ஸ்டேட்டின் ஊரான கார்வாலிஸுக்கும் இடையே கார்ப்பயணம் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆண்டுதோறும் தவறாமல், நவம்பரில், மாறி மாறி இரு ஊர்களிலும் என்று எழுத்துப்பூர்வமாக நீண்டகால ஒப்பந்தம் ஒன்றைச் செய்துகொடுங்கள்.

இப்படிக்கு,
2023 பருவத்தின் ஒரு பார்வையாளன்