சாக்கில் கிடக்கும் அடுப்படி

மதிப்புக்குரிய தொல்பொருள் அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். எந்த ஊர், எந்தத் தெரு என்று திரும்பவும் எழுத வேண்டியதில்லை. எங்கள் மூன்று மனுக்களும் உங்கள் மேசையில்தான் இருக்கின்றன.

சித்தி வீட்டு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டியபோது நாலடியில் பானை ஓடுகள் வந்தன. உள்ளே கருப்பு, வெளியே சிவப்பு. மூடி, பானை வைக்கும் புரிமனை, உடைந்த சட்டி. ஒரு ஓட்டில் மீன் மாதிரி ஒரு கீறல். சட்டியின் அடியில் கரி அப்படியே இருக்கிறது, கழுவாமல் வைத்திருக்கிறோம். பிணம் புதைக்கும் தாழியும் இல்லை, எலும்பும் இல்லை. சித்தி பார்த்ததுமே சொன்னார், "இது யார் வீட்டு அடுப்படியோடா."

வேலையை நிறுத்துங்கள், ஆள் வருவார்கள் என்று அதிகாரிகள் சொன்னார்கள். நிறுத்தினோம். அது பங்குனி, இப்போது ஐப்பசி. பழைய வீட்டை இடித்தாகிவிட்டதால் சித்தி தார்ப்பாய்க் கொட்டகையில் சமைக்கிறார். மழை பெய்தால் அடுப்பு அணைந்துவிடும். அன்றைக்குச் சாப்பாடு எங்கள் வீட்டில். போன வாரம் பெய்த மழையில் வானத்தின் வடக்குப் பக்கம் சரிந்து விழுந்தது. கரியும் சாம்பலும் வரிவரியாகத் தெரிந்தது அந்தப் பக்கத்தில்தான். எந்த அடுக்கில் எது கிடந்தது என்று தெரியாவிட்டால் ஓடு வெறும் ஓடுதான். இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா?

நாங்கள் கேட்பது ஒன்றுதான். ஒருவர் வந்து பார்த்து, படம் எடுத்து, வீடு கட்டலாமா கூடாதா என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

மண்ணில் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். தெரிவித்தோம். உடைந்த சட்டி பத்து ரூபாய் பெறாது என்று நினைத்துவிட்டீர்களோ? கீழடியும் அகழாய்வு தொடங்கும் வரை தென்னந்தோப்புதான். 2023இல் அங்கே அருங்காட்சியகம் திறந்தபிறகு வராத ஆள் இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் போனால்தான் ஓட்டுக்கு மரியாதை போலிருக்கிறது.

அடுத்த தெருவில் வீடு கட்டியவருக்கும் இதே ஓடுகள் வந்தன. அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. ராத்திரியோடு ராத்திரியாக ஜேசிபி வைத்து அள்ளிவிட்டு கான்கிரீட் போட்டார். போன மாதம் பால் காய்ச்சினார். சித்தியும் போய் மொய் எழுதிவிட்டு வந்தார். விவரமான ஆள் என்று ஊரே அவரைத்தான் சொல்கிறது.

சரி, கொஞ்சம் கூடுதலாகப் பேசிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து ஒருவரை அனுப்புங்கள். ஒரு தாள் போதும். கார்த்திகை மழைக்கு முன்னால் வந்தால் தெற்குப் பக்கமாவது மிஞ்சும். ஓடுகள் யூரியா சாக்கில், மாட்டுக்கொட்டகைப் பரணில் இருக்கின்றன.

இப்படிக்கு,
மனு எழுதியே கை வலிக்கும் ஒருவன்