பறவைப் படப் போட்டி நடத்துவோருக்கும் நடுவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைப்பாளர்களே, நடுவர்களே, வணக்கம்.

போட்டி விதிகளை ஒரு வரி விடாமல் படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. ரா ஃபைல் (கேமரா பதிந்த, திருத்தாத மூலக்கோப்பு) தர வேண்டும், எதையும் ஒட்டவோ அழிக்கவோ கூடாது, கூண்டுப் பறவை கூடாது என்றெல்லாம் கறாராக எழுதுகிறீர்கள். கணினியில் நடந்ததை இவ்வளவு துருவுகிறவர்கள், படம் எடுத்த இடத்தில் நடந்ததைப் பெரும்பாலும் ஒரே வரியில் முடித்துவிடுகிறீர்கள்: 'பறவைக்குத் தொந்தரவு தரவில்லை.' பக்கத்தில் ஒரு கட்டம். அதில் டிக் அடிக்காதவர் யார்?

பறவைக் கூட்டைக் காட்டும் படங்களை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அவற்றுக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. 1892இல் இங்கிலாந்தின் கியர்டன் சகோதரர்கள் முட்டைகளோடு ஒரு கூட்டைப் படமெடுத்தபோது, கையிலிருந்தது கனத்த பெட்டிக் கேமராவும் படம் பதியும் கண்ணாடித் தட்டும்தான். பறவை நிச்சயமாகத் திரும்பி வரும் இடம் கூடு ஒன்றே. பிற்பாடு அவர்கள் மாட்டுத் தோலில் ஒரு பொய் மாடு செய்து அதற்குள் ஒளிந்து நின்றதும் உண்டு. பிரிட்டிஷ் பறவைப் படக்கலைஞர் எரிக் ஹோஸ்கிங் 1937இல் ஆந்தைக் கூட்டைப் படமெடுக்கப் போய், அதன் நகம் பாய்ந்து ஒரு கண்ணையே இழந்தார். இன்று தொலைவிலிருந்தே நெருக்கமாகக் காட்டும் 600 மி.மீ. லென்ஸும் நொடிக்கு 20 படம் எடுக்கும் கேமராவும் வந்துவிட்டன. கூட்டருகே போவதற்கான காரணம் போய்விட்டது, பழக்கம் போகவில்லை.

அங்கே நடப்பது இதுதான். ஆட்காட்டியும் உப்புக்கொத்தியும் வெறுந்தரையில் முட்டையிடுபவை. கொளுத்தும் வெயிலில் தாய்ப்பறவை முட்டைமேல் நிற்பது நிழல் தருவதற்காக. வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டையைக் குளிர்விப்பதும் உண்டு. ஒருவர் பக்கத்தில் குந்தியிருக்கும் நேரமெல்லாம் அது தள்ளி நின்று கத்திக்கொண்டிருக்கும்; முட்டைகள் வெயிலில் கிடக்கும். மரக்கூடு என்றால், குறுக்கே நிற்கும் இலையையும் சுள்ளியையும் ஒடித்துவிட்டு 'பேக்ரவுண்டு க்ளீன்' என்பார்கள். வெயிலையும் காகத்தின் கண்ணையும் மறைத்துக்கொண்டிருந்தது அந்த இலைதான். கேமரா போன பிறகு காகம் வரும். அந்தப் படம் உங்கள் போட்டிக்கு வருவதில்லை.

குஞ்சுகள் கிளையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் படங்களுக்கு நடுவர்கள் எளிதில் மயங்குகிறார்கள். பறக்கத் தொடங்கிய குஞ்சுகள் அப்படி உட்காருவது இயல்பே. இறகுகூட முளைக்காதது கிளைக்கு வந்திருந்தால், யாரோ கை வைத்திருக்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்கத் தடயவியல் வேண்டாம். பறவைகளை அறிந்த ஒருவர் நடுவர் குழுவில் இருந்தாலே போதும். (இல்லாத குழுக்கள் இருக்கின்றன என்பதே எனக்கு வியப்பு.)

சிறகு விரித்து நேராக கேமராவை நோக்கி வரும் ஆந்தை இன்னொரு செல்லப்பிள்ளை. கேமராவுக்கு முன்னால் விடப்பட்ட எலி படத்தின் சட்டத்துக்குள் தெரியாது. மனிதர் நிற்கும் சாலையோரம் என்றாலே இரை என்று பழகிய ஆந்தைக்கு வண்டியில் அடிபடும் ஆபத்து கூடுகிறது. கைபேசியில் அதே இனப் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதும் அப்படித்தான். தன் எல்லைக்குள் எதிரி நுழைந்துவிட்டான் என்று ஆண் பறவை மேய்ச்சலை விட்டு ஓடி வருகிறது. எப்போதாவது ஒருவர் செய்தால் பறவை தாங்கிக்கொள்ளலாம். பயணக் குழுக்கள் மாறி மாறி வரும் பிரபலமான இடங்களில் அதன் நாளே இதில் போய்விடும். நெரிசலான இடங்களிலும் அரிய பறவைகளிடமும் ஒலிப்பதிவைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று அமெரிக்கப் பறவை நோக்கர் சங்கத்தின் நெறிமுறையே சொல்கிறது.

2022இல் பட்டைவால் மூக்கன் என்னும் கரைப்பறவையின் இளம் பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கி.மீ. நிற்காமல் பறந்தது. அப்படி எலும்பும் தோலுமாக வந்திறங்கும் பறவைக் கூட்டங்களைத்தான் 'ஃப்ளைட் ஷாட்' (பறக்கும் படம்) வேண்டுமென்று சேற்றில் ஓடிப்போய்க் கிளப்பிவிடுகிறார்கள்.

நாங்கள் என்ன காவல்காரர்களா என்று கேட்பீர்கள். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் போட்டியில் 2009இல் வென்ற ஓநாய்ப் படம், அது பழக்கப்பட்ட விலங்காக இருக்கலாம் என்று விசாரணையில் தெரிந்ததும் தகுதி இழந்தது. 2017இல் வென்ற எறும்புதின்னி பாடம் செய்த உடல் என்று முடிவானதும், மறு ஆண்டு அந்தப் பரிசும் போனது. மனமிருந்தால் விசாரிக்க முடியும். பிரிட்டனில் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி, மீன்கொத்தி, கூகை போன்ற பட்டியலிட்ட பறவைகளைக் கூட்டில் தொந்தரவு செய்வதே குற்றம். படமெடுக்கத்தான் என்ற சாக்கு அங்கே எடுபடாது.

ஆகவே கேட்கிறேன். இறுதிச் சுற்றுக்கு வரும் படத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த ரா ஃபைல்களையும் வாங்குங்கள். இறகை ஒடுக்கி, கழுத்தை நீட்டி, இறக்கை முறிந்ததுபோல் நடித்துப் பறவை கலங்கியிருந்தால் அவற்றில் தெரிந்துவிடும். எவ்வளவு தூரத்திலிருந்து, எவ்வளவு நேரம், இரை வைத்தீர்களா, குரல் ஒலித்தீர்களா என்று கேட்டு, அந்தப் பதிலைப் பரிசுப் படத்தின் கீழேயே அச்சிடுங்கள். பொய் சொல்பவர் சொல்லட்டும். அதே இடத்தில் கூட நின்றவர்கள் படிப்பார்கள் அல்லவா? முட்டையோ குஞ்சோ இருக்கும் கூட்டின் படங்களை ஏற்காதீர்கள். பரந்த நிலத்தில் பறவை சிறிதாகத் தெரியும் படங்களுக்கென ஒரு பிரிவு திறங்கள்; லென்ஸோடு நெருங்கிப் போகும் ஓட்டம் கொஞ்சம் தணியும்.

இடத்தின் பெயரையும் கவனியுங்கள். பறவை நோக்கர்கள் தாங்கள் பார்த்ததைப் பதியும் ஈபேர்ட் இணையதளம் ஆபத்திலுள்ள சில பறவைகளைப் பார்த்த துல்லியமான இடத்தைப் பொதுவில் காட்டாது. நீங்களோ சில வேளை ஏரி, மரம் வரை படவிளக்கத்தில் போட்டுவிடுகிறீர்கள். அடுத்த வார இறுதியில் அங்கே எத்தனை கேமரா முக்காலிகள் நிற்கும் என்று உங்களுக்குத் தெரியாததல்ல.

இப்படிக்கு,
பறவைகளைத் தேடிப் பயணம் போகும் ஒரு புகைப்படக்காரர்