உன் மன உறுதியில் ஒரு குறையும் இல்லை

அன்புள்ள கார்த்தி,

போன வாரம் பேசும்போது, "பத்து நிமிஷம்னு எடுக்கிற போன் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கையிலேயே இருக்குப்பா, எனக்கு மன உறுதியே இல்ல" என்றாய். அது என் மனதை அறுத்துக்கொண்டே இருக்கிறது. நீ சொன்னது தப்பு. பிளஸ் டூ முழுக்க விடியற்காலையில் தானாக எழுந்து படித்த பிள்ளைக்கு மன உறுதி இல்லை என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் புறாக்களை வைத்து ஆராய்ந்தவர். கொத்தும்போதெல்லாம் தீனி கிடைத்துப் பழகிய புறா, தீனி நின்றால் சீக்கிரமே கொத்துவதை விட்டுவிடும். ஆனால் எப்போது கிடைக்கும் என்றே தெரியாதபடி, சில சமயம் மூன்றாவது கொத்துக்கும் சில சமயம் முப்பதாவது கொத்துக்கும் கொடுத்துப் பழக்கினால், தீனி நின்ற பிறகும் வெகுநேரம் விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும். 1957-லேயே இதெல்லாம் புத்தகமாக வந்துவிட்டது. சூதாட்ட இயந்திரம் ஆளைப் பிடித்து வைப்பது இந்தக் கணக்கில்தான், ரீல்ஸும் அப்படித்தான். நாலு வீடியோ சப்பென்று இருக்கும், அடுத்தது உன்னைச் சிரிக்க வைத்துவிடும், அந்த அடுத்ததுக்காகத்தான் விரல் நிற்க மாட்டேன் என்கிறது.

அப்புறம், இதற்கு முடிவு என்பதே கிடையாது. முன்பெல்லாம் இணையத்தில் 'அடுத்த பக்கம்' என்று அழுத்த வேண்டும், அந்த ஒரு நொடியில் போதும் என்று தோன்றவாவது இடம் இருந்தது. 2006-ல் ஏசா ராஸ்கின் என்பவர் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் முறையை உருவாக்கினார், பிற்பாடு அவரே அதற்காக வருந்தினார். பேஸ்புக்கின் முதல் தலைவராக இருந்த ஷான் பார்க்கரோ, மனித மனத்தின் பலவீனத்தைத் தெரிந்தேதான் பயன்படுத்தினோம் என்று 2017-ல் வெளிப்படையாகவே சொன்னார். இத்தனை பேர் சம்பளம் வாங்கிக்கொண்டு யோசித்துச் செய்ததை, நாளெல்லாம் வேலை பார்த்து அசந்து படுத்திருக்கும் ஒரு பையன் தனியாக ஜெயிக்க வேண்டுமாம். எனக்குக் கோபம்தான் வருகிறது.

அதனால் உன்னை நீயே திட்டிக்கொள்வதை விடு. போனைச் சமையலறையில் சார்ஜ் போட்டுவிட்டுப் படு. அப்படியும் முடியாவிட்டால் வெட்கப்படாதே, நீ இருக்கிற பெங்களூரிலேயே நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கென்று 2014-லிருந்து 'ஷட்' கிளினிக் நடக்கிறது, நானும் கூட வருகிறேன். அலாரத்துக்காகத்தான் போன் தலைமாட்டில் இருக்கிறது என்றாயே, மணி அடிக்கிற கடிகாரம் ஒன்று வாங்கி கூரியரில் போட்டிருக்கிறேன், வந்ததும் சொல்லு.

அன்புடன்,
அப்பா