நாதியா, வீட்டுக்குள் உனக்குக் காவல் இல்லை

அன்புள்ள நாதியா அஞ்சுமன்,

உயிரோடு இருந்திருந்தால் நீ என்னைவிட மூத்தவள், நீங்கள் என்றுதான் எழுதியிருப்பேன். ஆனால் 2005 நவம்பரில் 25 வயது நிறைவதற்குள் போய்விட்டாய், அதற்கப்புறம் எனக்கு மட்டும் வயது ஏறிக்கொண்டே இருக்கிறது, அதனால் நீ என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

உன்னைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் கவிஞர் என்பார்கள், அப்புறம் கணவனிடம் அடிபட்டவள் என்பார்கள். இரண்டுக்கும் முன்னால் நீ செய்த ஒரு காரியம் இருக்கிறது, எனக்கு அதில்தான் ஆரம்பிக்க வேண்டும். 1995இல் தாலிபான்கள் ஆப்கானிஸ்தானில் உன் ஊரான ஹேராத்தைப் பிடித்தபோது நீ பள்ளி மாணவி. பெண்பிள்ளைகளின் பள்ளிகளை மூடிவிட்டார்கள். பெண்கள் செய்யலாம் என்று விட்டுவைத்த சில வேலைகளில் தையல் ஒன்று. சரி, தையல் வகுப்புக்கே போகிறோம் என்று கிளம்பிவிட்டீர்கள், பொன்னூசி தையல் பள்ளி என்று அதற்கு ஒரு பெயரும் இருந்தது. உடம்பை முழுக்க மூடிய புர்கா, கையில் ஒரு பை, பையில் மேலே துணி, நூல், கத்தரிக்கோல், அடியில் நோட்டும் பேனாவும். போவது பேராசிரியர் முகமது அலி ரஹ்யாப் வீட்டுக்கு, படிப்பது இலக்கியம். வெளியே தெருவில் குழந்தைகள் விளையாடிக்கொண்டிருப்பார்கள், விளையாட்டு பாதி, காவல் பாதி. மதக் காவலர்கள் வருவது தெரிந்தால் உள்ளே தகவல் வந்துவிடும், புத்தகம் மறைந்து ஊசி கைக்கு வந்துவிடும். மாட்டியிருந்தால் சிறை, அதைவிட மோசமாகவும் ஆகியிருக்கலாம்.

பெண்ணுரிமைக்காகக் கொடி பிடிப்பதையும் மேடையில் பேசுவதையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் துப்பாக்கி வைத்திருப்பவன் படிக்கக் கூடாது என்று சொன்ன பிறகும் வாரா வாரம் பையைத் தூக்கிக்கொண்டு படிக்கப் போனீர்களே, என் கணக்கில் அதுதான் பெரிசு. உன்னைப் பெண்ணுரிமைப் போராளி என்று நான் சொல்வதைக் கேட்டு நீ சிரித்தாலும் பரவாயில்லை.

2001 கடைசியில் தாலிபான் ஆட்சி விழுந்தது. நீ ஹேராத் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படிக்கப் போனாய், 2005இல் படித்துக்கொண்டிருக்கும்போதே முதல் தொகுப்பு வந்தது. எனக்குப் பாரசீகம் தெரியாது, உன் கஜல்களை இங்கிலீஷ் வழியாகத்தான் படித்தேன், ஓசையில் முக்கால்வாசி வழியிலேயே தொலைந்திருக்கும். மிச்சம் இருந்ததே போதுமானதாக இருந்தது. அடைத்து வைக்கப்பட்ட ஒருத்தி அழுது புலம்பாமல், எனக்குப் பாடத் தெரியும், பாடத்தான் விடவில்லை என்று கணக்குக் கேட்கிற குரல் அது.

உன் கணவரும் இலக்கியம் படித்தவர், நூலகத்தில் வேலை பார்த்தவர். இதை எழுதும்போதுதான் எனக்குக் கோபம் தலைக்கேறுகிறது. ‘படிச்ச பையன், கை நீட்ட மாட்டான்’ என்று எத்தனை வீடுகளில் சொல்லிப் பெண்ணைக் கொடுக்கிறார்கள், அந்தப் படிப்பில் கவிதையும் சேர்ந்துவிட்டால் இன்னும் நிம்மதி. உன் கவிதைகளால் குடும்பத்துக்கு அவமானம் என்று அவர் வீட்டார் நினைத்ததாக உன் நண்பர்கள் பிறகு சொன்னார்கள். மதக் காவலர்கள் வருவதைச் சொல்லத் தெருவில் குழந்தைகள் இருந்தார்கள். வீட்டுக்குள் இருக்கும் ஆளைப் பற்றி எச்சரிக்க யாரை நிறுத்தி வைப்பது?

அன்று ஈகைத் திருநாள் நேரம். நீ வெளியே உறவினர்களைப் பார்க்கப் போவது பற்றிப் பேச்சு முற்றியது என்கிறார்கள். கடைசியில் நீ மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை. அறைந்தது உண்மைதான், கொல்லவில்லை, அவளே விஷம் குடித்தாள் என்றார் உன் கணவர். வீட்டில் ஆறு மாதக் குழந்தை.

இதற்குப் பிறகு நடந்ததை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, சொல்லாமல் விடவும் முடியவில்லை. அவரைச் சிறையில் வைத்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் உடம்பு முடியாத உன் அப்பாவைச் சுற்றி உட்கார்ந்து மன்னித்துவிடு, மன்னித்துவிடு என்று நச்சரித்தார்கள், மன்னித்தாலும் ஐந்து வருடம் உள்ளேதான் இருப்பார் என்று வாக்கும் கொடுத்தார்கள். அப்பா தலையாட்டினார். நீதிமன்றம் தற்கொலை என்று முடித்தது, ஒரு மாதத்தில் உன் கணவர் வெளியே. அப்பா அந்த அதிர்ச்சியிலேயே போய்விட்டார் என்றார் உன் சகோதரர். அடித்ததை அடித்தவரே ஒப்புக்கொண்ட பிறகும், செத்துப்போனவள் மேலேயே பழியைப் போட்டுக் கோப்பை மூடுவதற்குப் பெயர் சமாதானம். குடும்ப விஷயத்தில் பெரியவர்கள் பேசித் தீர்த்துவைத்தார்கள் என்று எங்கே கேட்டாலும் இனி எனக்கு உன் அப்பாவின் முகம் தெரியாமலே அவர் ஞாபகம்தான் வரும்.

நீ போய் நான்கு வருடம் கழித்து, 2009இல், பெண்கள் மீதான வன்முறையை ஒழிக்க ஒரு சட்டம் ஜனாதிபதி ஆணையாக வந்தது. 22 செயல்கள் குற்றம் என்று அதில் பட்டியல் இருந்தது, மனைவியை அடிப்பதும் அதில் ஒன்று. நாடாளுமன்றம் அதைக் கடைசிவரை நிறைவேற்றவில்லை, 2013இல் விவாதத்துக்கு எடுத்துச் சண்டையில் கைவிட்டார்கள். இருந்தாலும் சட்டம் என்று ஒன்று இருந்தது, அடி தாங்காமல் ஓடிவருகிற பெண்களுக்குக் காப்பகங்கள் இருந்தன, நாடு முழுக்க 23.

2021 ஆகஸ்டில் தாலிபான்கள் திரும்பி வந்தார்கள், நாதியா. பெண்கள் விவகார அமைச்சகத்தின் கட்டடத்தில் இப்போது நன்மையை ஏவித் தீமையைத் தடுக்கும் அமைச்சகம். ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை, 2022 டிசம்பரில் பல்கலைக்கழகக் கதவையும் சாத்தினார்கள், நீ படித்த பல்கலைக்கழகம் உட்பட. ரகசிய வகுப்புகள் மறுபடி ஆரம்பித்துவிட்டன, அதில் எனக்கு ஆச்சரியமே இல்லை, வழி காட்டியவர்களில் நீயும் ஒருத்தி. ஆனால் அந்த 23 காப்பகங்களும் இல்லை. ஏன் என்று ஐ.நா. ஆட்கள் கேட்டபோது, அது மேற்கத்தியச் சமாச்சாரம், பெண்கள் கணவனோடோ வீட்டு ஆண்களோடோதான் இருக்க வேண்டும் என்று அதிகாரிகள் பதில் சொல்லியிருக்கிறார்கள். அப்படிப் போய் இருக்க ஆண் துணை இல்லாதவர்களையும், இருந்தாலும் அவர்களாலேயே ஆபத்து என்று கருதப்பட்டவர்களையும் பாதுகாப்புக்காகச் சிறையில் போட்டதாக 2023 டிசம்பரில் வந்த ஐ.நா. அறிக்கை சொல்கிறது.

கணவனோடு இருக்க வேண்டுமாம். நீயும் கணவனோடுதானே இருந்தாய்.