டாய்லெட்டுக்கு எதுக்கு நல்ல தண்ணி?

ஆசிரியருக்கு வணக்கம்,

தண்ணி சிக்கனம்னு பேச ஆரம்பிச்சாலே பல் தேய்க்கும்போது குழாயை மூடுங்கன்னுதான் எல்லாரும் சொல்றாங்க, அது சரிதான், வேணாங்கல, ஆனா அதைவிட பெரிய செலவு டாய்லெட்ல நடக்குது. பழைய ஃப்ளஷ் டேங்க்னா ஒரு தடவை அமுக்கினா 10 லிட்டர் போல போயிடும், ரெண்டு பட்டன் டேங்க்ல கூட சின்னதுக்கு 3, பெரிசுக்கு 6 லிட்டர். அவ்வளவும் நல்ல தண்ணி. மனசு கேக்க மாட்டேங்குது.

அதுக்கான தண்ணி வீட்டுக்குள்ளயே இருக்கே. வாஷிங் மெஷின்ல கடைசியா அலசி வர்ற தண்ணியை பாருங்க, கிட்டத்தட்ட தெளிவா இருக்கும், லேசா சோப்பு வாசனை வரும், அவ்ளோதான். அதை ஒரு டிரம்ல பிடிச்சு வெச்சா போதும். பம்ப் வெச்சு தண்ணியை வெளிய தள்ற மெஷின்னா பைப் முனையை தரையோட போட்டுடாதீங்க, உள்ள ஏற ஏற தண்ணி தானா வழிஞ்சு வீணாயிடும், உயரமாவே மாட்டி வைங்க. பிடிச்ச தண்ணியை ஃப்ளஷ் டேங்க்ல ஊத்த வேணாம், துணி நூல் எல்லாம் வால்வுல போய் அடைச்சுக்கும், பக்கெட்டால கோப்பையில ஒரே வீச்சா ஊத்தினா சுத்தமா போயிடும். ஒரு நாளைக்கு மேல தேக்கி வைக்காதீங்க, நாத்தம் வந்துடும்.

அடுத்து ஆர்ஓ மெஷின். பல மெஷின்ல 1 லிட்டர் குடிக்க கிடைக்கிறதுக்குள்ள 2, 3 லிட்டர் கழிவா வெளிய போகுது, அது சிங்க்ல ஓடுறதை யாரும் கவனிக்கறதே இல்ல. வீடு துடைக்கலாம், டாய்லெட்டுக்கு ஊத்தலாம், ஆனா செடிக்கு தினமும் ஊத்தாதீங்க, அதுல உப்பு கூடுதலா இருக்கும், மண்ணுல சேர்ந்து இலை ஓரமெல்லாம் கருகிடும். ஏசில சொட்டுற தண்ணி இதுக்கு நேர் எதிர், உப்பே இருக்காது, செடிக்கு தாராளமா ஊத்தலாம், குடிக்க மட்டும் கூடாது.

இன்னொண்ணு, ஃப்ளஷ் டேங்க் சத்தமே இல்லாம ஒழுகும். டேங்க்ல கொஞ்சம் கலர் கலந்து அரைமணி நேரம் யாரும் ஃப்ளஷ் பண்ணாம விட்டுப் பாருங்க, கோப்பையில கலர் இறங்கினா உள்ள இருக்கற ரப்பரை மாத்தணும். குழாய் ஒழுகலும் அப்படித்தான், செகண்டுக்கு ஒரு சொட்டுன்னா ஒரு நாள்ல சுமார் 20 லிட்டர்.

பக்கெட் தூக்குறது வயசானவங்களுக்கு முடியாத காரியம்னு எனக்கும் தெரியும், அதனாலதான் உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். குளியல் தண்ணி, மெஷின் தண்ணியை வடிகட்டி தனி டேங்க்ல ஏத்தி, குடிதண்ணி லைனோட எங்கயும் சேராம டாய்லெட்டுக்கு மட்டும் தனி பைப் போடுறது எப்படின்னு நல்ல அனுபவம் உள்ள பிளம்பர், இன்ஜினியர் யாரையாவது எழுத வைங்க. படத்தோட போடுங்க, வீடு கட்டப் போறவங்க சுவர் பூசுறதுக்கு முன்னாடியே பாத்து செஞ்சுக்குவாங்க, பூசினப்புறம்னா உடைக்கணும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி