கேடயம் வேண்டாம், கடதாசி கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மே மாதம் நெருங்கினால் வன்னியின் பாடசாலைகளுக்கும் பொதுநோக்கு மண்டபங்களுக்கும் ஓவியப் போட்டி அறிவித்தல்கள் வரத் தொடங்கிவிடும். தலைப்பு எப்படி மாறினாலும் கேட்பது போரை வரையச் சொல்லித்தான். 2009 இல் போர் முடிந்த பிறகு பிறந்த பிள்ளைகளிடமும் இதையே கேட்கிறோம். அவர்கள் வீட்டில் காதில் விழுந்ததையும் கைப்பேசியில் பார்த்ததையும் வரைகிறார்கள். கூடுதலாகச் சிவப்புப் பூசிய படம் முன்வரிசைக்குப் போகிறது. சில இடங்களில் இதற்கு ‘சித்திரச் சிகிச்சை’ என்று பதாகையும் கட்டுகிறார்கள். உளசமூகப் பணியில் சித்திரத்தையும் களிமண்ணையும் பயன்படுத்துகிறவர்கள் என்ற முறையில் இதுபற்றிச் சில விடயங்களை உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

மனவடுவின், அதாவது மனதில் பட்ட ஆழமான காயத்தின், நினைவு ஒரு கதையைப்போல முதல், நடு, முடிவு என்று வருவதில்லை. ஒரு மணமாக, ஒரு சத்தமாக, துண்டுபட்ட காட்சியாக வரும். வரும் நேரத்தையும் அதுவே தீர்மானிக்கும். படம் வரைகிறவர் இதற்கு மாறான ஒன்றைச் செய்கிறார். எந்த நிறம், எவ்வளவு அழுத்தம், எங்கே நிறுத்துவது, பிடிக்காவிட்டால் கிழிப்பதா என்பதெல்லாம் அவர் கையில் இருக்கிறது. பயன் தருவது அந்தப் பிடிதான். படம் அழகாக வந்ததா என்பதற்கும் குணமாவதற்கும் தொடர்பில்லை. தலைப்பை நாங்கள் கொடுத்து, நேரத்தை நாங்கள் வைத்து, புள்ளியையும் நாங்களே போட்டால் அந்தப் பிடியைத் திரும்பவும் பறித்துவிடுகிறோம்.

ஒரு குழுவுக்கு எட்டு முதல் பத்துப் பேர், நடத்த இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நடத்தும்போது மற்றவர் முகங்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். யாராவது எழுந்து வெளியே போனால் கூடப் போகவும் ஆள் தேவை. வாரம் ஒருமுறை, தொண்ணூறு நிமிடம், குறைந்தது பத்து வாரம். ஒருநாள் பட்டறை திறந்துவிட்டுப் போவதை மூட யாரும் இருப்பதில்லை. பெரும்போக விதைப்பு நாட்களில் தொடங்கினால் மூன்றாம் வாரம் மண்டபம் வெறுமையாக இருக்கும்; கூலி வேலைக்குப் போகும் பெண்களைக் குறை சொல்ல முடியாது. இருக்கைகளை வாசலைப் பார்க்கப் போடுங்கள். முதுகுக்குப் பின்னால் கதவு இருந்தால் பலருக்குக் கை ஓடாது. தகரத் தட்டு விழும் சத்தம், பலூன், மண்டபத்துக்குப் பக்கத்தில் வெடி கொளுத்துதல் எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசித்துத் தவிர்க்க வேண்டும்.

பொருட்கள் அதிகம் தேவையில்லை. பத்துப் பேருக்குப் பத்து வாரத்துக்கு ஒரு கட்டு ஏ4 கடதாசி, பன்னிரண்டு நிறப் பஸ்டல் (வண்ணக் குச்சி) ஐந்து பெட்டி, பென்சில் ஒரு டசின், கட்டிவைக்கும் கோப்பு பத்து, களிமண் இருக்கிறவரைக்கும். சோளகக் காற்றுக் காலத்தில் ஆளுக்கு நான்கு கூழாங்கல்லும் வேண்டும், இல்லாவிட்டால் கடதாசியைத் துரத்துவதிலேயே நேரம் போய்விடும். கையில் செல் (எறிகணை) துண்டு உள்ளவர்களுக்கும் விரல் இழந்தவர்களுக்கும் பஸ்டலைச் சுற்றித் துணி கட்டித் தடிப்பாக்கிக் கொடுக்கலாம்.

எந்தப் பொருளை எப்போது கொடுப்பது என்பதில்தான் பலர் பிழைவிடுகிறார்கள். பென்சிலும் பஸ்டலும் சொன்னபடி கேட்கும். தண்ணீர் வர்ணமும் விரலால் பூசுவதும் ஓடிப் பரவும், அவற்றோடு மனமும் கட்டவிழும். ஆகவே முதல் மூன்று வாரம் பென்சில், பஸ்டல் மட்டும். கடதாசியையும் பாதியாக வெட்டி, ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்குச் சட்டம் ஒன்று கீறிக் கொடுங்கள். பெரிய வெள்ளைத்தாள் பயமுறுத்தும். சட்டத்துக்கு ஒரு கரை இருக்கிறது. முதல் நாள் கோடு, புள்ளி, பின்னல் வடிவங்களே போதும். புள்ளிக் கோலம் இதற்கு நன்றாகப் பொருந்தும் என்று தோன்றும். பொருந்தவும் செய்யும். ஆனால் கணவனை இழந்தபின் மங்கல காரியங்களிலிருந்து ஒதுங்கியிருக்கும் ஒருவருக்கு அதுவே முள்ளாகலாம். மன்னார்ப் பக்கக் கத்தோலிக்கக் கிராமத்தில் அதற்குப் பெரிய அர்த்தமும் இராது. ஓலைப் பின்னலின் குறுக்குக் கோடுகள் எல்லா வீட்டுக்கும் தெரிந்தவை.

களிமண் நல்ல மருந்து, ஆனால் வன்னியில் அதற்கு ஒரு தனிக் கவனம் வேண்டும். பங்கருக்குள் (பதுங்குகுழிக்குள்) நாட்கணக்காக இருந்தவர்களுக்கு ஈரமண்ணின் மணமே போதும், உடம்பு அங்கே போய்விடும். யாரையும் வற்புறுத்தாதீர்கள். பக்கத்தில் பஸ்டலும் எப்போதும் இருக்கட்டும். மண்ணைக் கண்ட இடத்தில் தோண்ட வேண்டாம். மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியாத மண் இது. மட்பாண்டம் செய்பவரிடமோ, ஊரார் வழமையாக மண் எடுக்கும் குளத்திலிருந்தோ வாங்குங்கள். இரண்டு நாள் ஊறவைத்து, நுளம்பு வலையால் வடித்து, பழைய சாறத்தில் கொட்டி நிழலில் விட்டால் ரொட்டி மாப் பதத்துக்கு வரும். ஐந்து பங்கு களிக்கு ஒரு பங்கு அரித்த மணல் சேர்த்துப் பிசையுங்கள். மணல் சேராத களி காயும்போது கூடுதலாகச் சுருங்கி வெடிக்கும். ஆளுக்கு அரைக் கிலோ போதும். செய்த உருவத்தை முதல் இரண்டு நாள் ஈரத்துணியால் மூடி நிழலில் வைக்க வேண்டும். காற்றுப்பட்டால் மெல்லிய பாகம் முந்திக் காய்ந்து கழுத்திலும் கையிலும் பிளக்கும். இது சின்ன விடயமல்ல. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் செய்த உருவம் அடுத்த கிழமை தலை கழன்று கிடந்தால் அவருக்கு அது வெறும் மண் அல்ல. ‘சில உருவங்கள் வெடிக்கக்கூடும், ஒட்டலாம்’ என்று செய்யத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

வெளிநாட்டுக் கையேடுகளிலிருந்து மொழிபெயர்த்து வரும் பயிற்சிகளைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ‘உங்கள் கையை வைத்துச் சுற்றிவரக் கீறுங்கள்’ என்பது பல ஊர்களில் இளகுவதற்கான விளையாட்டு. கை இழந்தவர்கள் இருக்கும் மண்டபத்தில் அதை எப்படிச் சொல்வது? ‘உங்கள் குடும்பத்தை வரையுங்கள்’ என்றால் எத்தனை பேரை வரைவது என்று பென்சில் நிற்கும். ‘பாதுகாப்பான இடம்’ என்றால் சிலர் இல்லாமற்போன வீட்டை வரைவார்கள், சிலர் பங்கரை. அதற்குப் பதிலாக ‘நிழல் உள்ள ஓர் இடம்’ என்று கேட்டுப் பாருங்கள். மருதோ புளியோ குளக்கட்டோ வரும், தாளில் நெடுநேரம் இருக்கலாம். எல்லாவற்றிலும் மோசமானது ‘பிரியாவிடைக் கடிதம்’. இறந்தவருக்கு எழுதும் அந்தப் பயிற்சியைக் காணாமலாக்கப்பட்டவர்களின் உறவினரிடம் கொடுக்கவே கூடாது. 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியில் வீதியோரம் இருந்து ‘எங்கள் பிள்ளை எங்கே’ என்று கேட்பவர்களிடம் விடைபெறச் சொல்வது சிகிச்சையல்ல. அவர்கள் மாலை போடாத ஒரு படத்தைக் கையில் வைத்திருக்கிறார்கள். அந்தப் படத்துக்கு ஓலையிலோ துணியிலோ ஓர் உறை தைப்பது, அந்தப் பிள்ளைக்குப் பிடித்த சாப்பாட்டை வரைவது போன்றவற்றில் முடிவு எதையும் கேட்காமலே கைக்கு வேலை கிடைக்கிறது.

ஒருவர் நினைவுக்குள் அமிழ்வதைக் கண்டுகொள்ளலாம். மூச்சு மேலேறும், கை குளிரும், பஸ்டல் முறியும், தாள் கிழியும். அல்லது எதிர்மாறாக, கண் ஓரிடத்தில் குத்தி ஆள் அசையாமல் இருப்பார். இரண்டாவது வகையை ‘நல்ல அமைதி’ என்று தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். கேட்காமல் தொடாதீர்கள், கண்ணை மூடச் சொல்லாதீர்கள். மூடிய கண்ணுக்குள்தான் அந்தக் காட்சி ஓடுகிறது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, இரண்டு பாதத்தையும் நிலத்தில் ஊன்றச் சொல்லி, குளிர்ந்த தண்ணீர் கொடுத்து, கண்ணில் படும் ஐந்து பொருட்களின் பெயரைக் கேளுங்கள். தெளிந்தபின் விரும்பினால் பென்சிலால் கட்டம் நிரப்பலாம். படத்தைக் கோப்புக்குள் வைத்து நூலால் கட்டுவதும் உதவும், ‘இன்றைக்கு இது இங்கேயே இருக்கட்டும்’ என்று. முதல் வாரங்களில் அன்றிரவு கெட்ட கனவு வரலாம் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சாவைப் பற்றிப் பேசினால், அல்லது ஒரு பிள்ளை வாரக்கணக்காக ஒரே காட்சியை ஒரு கோடும் மாறாமல் வரைந்தால், மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப்போக வேண்டும். 1926 என்ற உளநல உதவி இலக்கத்தையும் மண்டபச் சுவரில் எழுதி வையுங்கள்.

படத்துக்குச் சாத்திரம் சொல்வதையும் விட்டுவிடுவோம். கறுப்பு என்றால் துக்கம், கதவில்லாத வீடு என்றால் பயம் என்று எந்த அகராதியும் இல்லை. மற்றப் பஸ்டல்கள் தேய்ந்து கறுப்பு மட்டும் மிஞ்சினாலும் வானம் கறுப்பாகத்தான் இருக்கும். ‘இது என்ன?’, ‘யார் செத்தது?’ என்று கேட்காமல் ‘இதைப் பற்றி ஏதும் சொல்ல விருப்பமா?’ என்று கேளுங்கள். இல்லை என்பதும் முழுமையான பதில்தான்.

இதை அளவுக்கு மீறிப் புகழவும் கூடாது. 2016 இல் அமெரிக்காவின் ட்ரெக்சல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், 45 நிமிடம் வரைந்தும் வனைந்தும் முடித்த 39 பேரில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு உமிழ்நீரில் கோர்ட்டிசோல் என்ற மன அழுத்த ஹோர்மோன் குறைந்திருந்தது. அவர்கள் ஆரோக்கியமானவர்கள். அந்த முடிவை அப்படியே இறுதிப் போர் நடந்த முள்ளிவாய்க்காலிலிருந்து வந்தவர்களுக்குப் பொருத்த முடியாது. மாத்திரை எடுப்பவர் மாத்திரையை நிறுத்தவும் கூடாது. ஆனால் பேச வாய்வராதவரும் பத்து வாரம் தொடர்ந்து வந்து உட்காருகிற இடம் ஒன்று கிடைக்கிறது. அதன்பின் உளவளத்துணையாளரிடம் பேசுவது சிலருக்கு இலேசாகிறது.

முன்மாதிரிக்கு எங்கேயோ தேட வேண்டியதில்லை. மட்டக்களப்பில் 1996 இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சித் தோட்டத்தில் தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஒன்றாக இருந்து களிமண், வர்ணம், கதை என்று மாதக்கணக்கில் வேலை செய்தார்கள். அதற்கும் முன்னர், நாசிகளின் தெரேசின் முகாமில் அடைபட்டிருந்த பிரீடல் டிக்கர்-பிரண்டைஸ் என்ற ஓவியர், பாவித்த அலுவலகக் கடதாசிகளில்கூடப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தார். பூவும் தாளகதியும் ஒளியும் நிழலும்தான் அவருடைய பாடங்கள்; முகாமை வரையச் சொல்லிப் போட்டி வைக்கவில்லை. 1944 இல் அவர் அவுஷ்விட்சில் கொல்லப்பட்டார். ஏறத்தாழ 4,500 படங்கள் இரண்டு பெட்டிகளில் தப்பின.

ஆகவே வலயக் கல்வி அலுவலகங்களையும் நிதி தரும் அமைப்புகளையும் கேட்டுக்கொள்கிறோம்: கேடயத்துக்கும் பதாகைக்கும் ஒதுக்கும் பணத்தை இந்த முறை கடதாசிக்கும் பஸ்டலுக்கும், பயின்ற இரண்டு பேரின் பத்து வாரப் போக்குவரத்துக்கும் கொடுங்கள். அறிக்கைக்குப் படம் வேண்டுமென்றால் வெறும் மேசையையும் பஸ்டல் பெட்டியையும் எடுத்து அனுப்பலாம்.

உங்களிடமும் ஒன்று, ஆசிரியர் ஐயா. பிள்ளைகளின் படங்களை நினைவுநாள் சிறப்பிதழில் போடும்போது பெயர், வயது, ஊர், பாடசாலை நான்கையும் சேர்த்துப் போடுகிறீர்கள். சின்ன ஊரில் அது வீட்டு விலாசத்துக்குச் சமம். அந்தப் பிள்ளையிடமும் தாயிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒருவர் வேண்டாம் என்றாலும் அந்த இடத்தில் வேறெதையாவது போடுங்கள்.

இப்படிக்கு,
உளசமூகப் பணியாளர்கள் சிலர்,
கிளிநொச்சி, முல்லைத்தீவு.