டைனி பிராட்ஷாவுக்கு ஏன் ஒரே ஒரு தொப்பி?

ஸ்காட்லாந்து கால்பந்துச் சங்கத்தாருக்கு,

வணக்கம். நாட்டுக்காக ஆடியவருக்கு ஆட்டத்துக்கு ஒன்றாகக் கணக்கிடும் அடையாளம்தான் தொப்பி. என் கேள்வி அதைப் பற்றியது. லண்டன் வெம்பிளி மைதானத்தில் இங்கிலாந்தை 5-1 என்று நீங்கள் புரட்டியெடுத்து 2028 மார்ச் 31-ஆம் தேதி நூறு வருடம் ஆகிறது. அலெக்ஸ் ஜாக்சனின் மூன்று கோல்களையும் அலெக்ஸ் ஜேம்ஸின் இரண்டையும் கொண்டாடுவீர்கள், கொண்டாட வேண்டியதுதான். என் மனு, அன்று விழாத கோல்களைப் பற்றியது.

இங்கிலாந்தின் டிக்ஸி டீன் அன்று கோல் போடவில்லை. சாதாரண ஆளா அவர்? முந்தைய வருடம் உங்கள் ஹாம்ப்டன் மைதானத்துக்கே வந்து, இரண்டு கோலையும் தானே போட்டு 2-1 என்று தோற்கடித்தவர். 1927-28 ஆங்கில லீகில் மட்டும் எவர்ட்டன் கிளப்புக்காக 60 கோல். அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் தொடவில்லை. போதாக்குறைக்கு 1925-இல் ஆஃப்சைடு விதியைத் தளர்த்தியிருந்தார்கள். பந்தை வாங்கப்போகும் வீரருக்கும் கோலுக்கும் நடுவே மூன்று எதிராளிகள் இருக்க வேண்டும் என்றிருந்தது, இரண்டு பேர் போதும் என்றானது. தடுப்பாட்டக்காரர்கள் பாடு திண்டாட்டம்.

அந்த நேரத்தில் டீனைக் கவனிக்க நீங்கள் இறக்கியது இங்கிலாந்தின் பரி கிளப்பில் நடுத் தடுப்பாட்டக்காரராக (சென்டர் ஹாஃப்) ஆடிய டாம் பிராட்ஷாவை. அவருக்கு அதுதான் முதல் சர்வதேச ஆட்டம். ஆறடிக்கு மேல் வளர்ந்த மனிதருக்கு 'டைனி', அதாவது பொடிசு, என்று பட்டப்பெயர். வைத்தவருக்குக் குசும்பு அதிகம். மழையில் ஊறிய தரை உங்கள் குட்டையான முன்கள வீரர்களுக்குத் தோதாக இருந்தது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அதே வழுக்கலில் அந்த நெடிய உடம்பைத் திருப்பித் திருப்பி டீனோடு மல்லுக்கட்டியவரைப் பற்றி ஒரு வரியோடு முடித்துக்கொள்கிறார்கள். இங்கிலாந்துக்குக் கிடைத்த ஒரே கோலும் ஆட்டம் முடியும் தறுவாயில், பாப் கெல்லியின் ஃப்ரீ கிக்கில் வந்தது.

அதன்பிறகு பிராட்ஷாவை நீங்கள் கூப்பிடவே இல்லை. 1930-இல் லிவர்பூல் அவரை வாங்கியது. 1938 வரை அங்கே சுமார் 290 ஆட்டங்கள் ஆடினார். கோப்பை எதுவும் கிடைக்கவில்லை. அது அவர் குற்றமல்ல.

ஆங்கில லீகில் ஆடும் ஸ்காட்லாந்துக்காரர்கள் மேல் உள்ளூரில் முணுமுணுப்பு இருந்தது, வெம்பிளி அணியிலேயே எட்டுப் பேர் அப்படிப்பட்டவர்கள் என்பீர்கள். 1930-களின் தொடக்கத்தில் அந்தக் கிளப்புகள் ஆட்களை விட மறுத்ததும் உண்மை. ஆனால் அதே எட்டுப் பேரில் காலகர், ஜாக்சன், நெல்சன் எல்லோருக்கும் மறுபடி அழைப்பு வந்ததே!

2006-இல், பழைய வீரர்களுக்கு விடுபட்ட தொப்பிகளைத் தேடிக் கொடுத்தீர்கள். ஆடாத ஆட்டத்துக்குத் தொப்பி கேட்க மாட்டேன். 1928 முதல் 1938 வரையிலான தேர்வுக் குழுக் குறிப்புகள் உங்களிடம் இருந்தால் வெளியிடுங்கள். நூற்றாண்டுக் கண்காட்சியில் ஐந்து கோல்களுக்குப் பக்கத்தில் 'டீன் - 0' என்று எழுதி, கீழே பிராட்ஷாவின் பெயரைப் போடுங்கள்.

இப்படிக்கு,
தடுப்பாட்டக்காரர்களின் ரசிகன்